செம்மணி வெளியில் நின்ற மைனர்

செம்மணி வெளியில், கொளுத்தும் மத்தியான வெய்யிலில், என் மொறிஸ் மைனர் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றுபோனது. பெற்றோல் மீற்றரின் முள்ளு ‘ஃபுல்’லைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதனால் பெற்றோலைப் பற்றி நான் யோசிக்கவேயில்லை. பிளக்குகளைக் கழற்றித் துடைத்தேன், வயர்களை இழுத்துப் பார்த்தேன். அரை மணித்தியாலம் போன பிறகுதான் காதில் விழுந்தது: சாவியைத் திருப்பினால் எஸ்.யூ. பம்ப் ஓயாமல் ‘டிக் டிக்’ என்று அடித்துக்கொண்டேயிருந்தது. கார்பரேற்றர் நிரம்பினால் அந்தச் சத்தம் அடங்கியிருக்கும். டாங்கி வற்றிப்போயிருந்தது.

ஒரு லீற்றரின் அருமை தெரிந்த ஊர் எங்களுடையது. 1990-களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்துப் பழைய ஒஸ்டின்களும் மைனர்களும் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. 2022-இல் கியூ.ஆர். குறியீட்டைக் காட்டிக் கிழமைக்கு 20 லீற்றர் வாங்கக் கார்கள் வரிசையில் கிடந்தன. இப்படிப்பட்ட ஊரில் பொய்க்கணக்குக் காட்டும் மீற்றரை, ‘பழைய கார்தானே’ என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

பலரும் முதலில் கைவைப்பது மீற்றரில்தான். என்னுடையது போன்ற மைனரில் அது தனியாக இல்லை. டாஷ்போர்ட்டின் நடுவிலுள்ள பெரிய ஸ்பீடோமீற்றர் வட்டத்துக்குள்ளேயே அடக்கம். அதைப் பிரித்து, அறுபது வருட முகப்பைக் கீறி, கடைசியில் வேறு காரின் மீற்றரை ஒட்டவைத்த மைனர்களைப் பார்த்திருக்கிறேன். பார்க்கவே வயிறு எரியும். நான் கண்டவரை கோளாறு பெரும்பாலும் டிக்கிப் பக்கம்தான் இருக்கும்.

எனக்கு அதைக் காட்டித் தந்தவர் வயதான மெக்கானிக் ஒருவர். “தம்பி, மீற்றரைக் கழட்டாதேங்கோ. டாங்கிக்கு ஏர்த் வருதோ எண்டு முதல் பாருங்கோ” என்றார்.

டாங்கிக்குள் ஒரு மிதவை. பெற்றோல் ஏற ஏற அதுவும் ஏறும். அதன் கை ஒரு கம்பிச் சுருளின் மேல் உரசி நகர்ந்து மின்தடையைக் கூட்டிக் குறைக்கும். இதைத்தான் சென்டர் என்கிறோம். சுருள் வழியாக வரும் மின்சாரம் டாங்கியின் தகட்டுக்குப் போய், அங்கிருந்து காரின் பொடி வழியாகப் பற்றரிக்குத் திரும்ப வேண்டும்.

அந்தக் காலத்துப் பிரித்தானியக் கார்களில் மீற்றர் இரண்டு வகை. சாவியைப் போட்டதும் முள்ளு துள்ளி எழும்பினால் பழைய வகை. இரண்டு கம்பிச் சுருள்கள் ஓர் இரும்புத் துண்டை ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். மெல்ல ஊர்ந்து ஏறினால் பிந்திய வகை. உள்ளே ஓர் ஈருலோகத் தகடு சூடேறி வளைகிறது. அதற்குச் சராசரியாக 10 வோல்ற் கொடுக்க ஸ்டெபிலைசர் ஒன்றும் உண்டு. பெற்றோல் மீற்றரும் வெப்பமானியும் ஒன்றாகப் பிழைகாட்டினால் முதலில் அதைச் சந்தேகிக்க வேண்டும்.

சோதனை எளிது. டாங்கி மூடியபடியே இருக்கட்டும். சாவியை நிறுத்தி, சென்டரிலிருந்து பச்சையில் கறுப்புக் கோடு போட்ட வயரைக் கழற்றிவிட்டு மறுபடி சாவியைப் போடுங்கள். பழைய வகையில் முள்ளு ‘ஃபுல்’லுக்குப் போகும். சாவியை நிறுத்தி, அதே வயரை டாங்கிக்குத் தூரமாகப் பொடியில் தொடுத்து, மறுபடி சாவியைப் போட்டால் ‘எம்ப்டி’க்கு இறங்கும். பிந்திய வகையில் இரண்டும் தலைகீழ். அதில் முள்ளு ஏறத் தொடங்கியதும் சாவியை நிறுத்திவிட வேண்டும், இல்லையேல் சுருள் கருகும். முள்ளு இப்படி அசைந்தால் மீற்றரும் வயரும் நல்லவை. பெற்றோல் ஆவிக்குப் பக்கத்தில் பொறி பறக்கவே கூடாது. சென்டரைக் கழற்றுவதானால் பற்றரியை முதலில் விலக்குங்கள்.

என் மைனரில் இருந்தது பழைய வகை. சோதனையில் மீற்றர் தேறியது. பிறகு மெக்கானிக் டிக்கியின் பலகையைத் தூக்கினார். டாங்கியின் விளிம்பு முழுவதும் புதுப் பெயின்ற், அடியில் புது ரப்பர், திருகாணிகளின் தலையிலும் பளபளப்பு. இரண்டு மாதத்துக்கு முன் காரை ஆசையாகப் புதுப்பித்தபோது டாங்கியைப் பொடியிலிருந்து முற்றாகப் பிரித்துவைத்திருந்தோம். திரும்ப வழியில்லாத மின்சாரம், வயரையே கழற்றிவிட்டதுபோல முள்ளை ‘ஃபுல்’லில் நிறுத்தியிருக்கிறது. ஒரு துண்டு வயரின் ஒரு முனையைச் சென்டரின் திருகாணியிலும் மறுமுனையைப் பொடியிலும் அவர் இறுக்கினார். சாவியைப் போட்டேன். முள்ளு ‘ஃபுல்’லை விட்டுப் படாரென்று ‘எம்ப்டி’க்கு விழுந்தது. கார் வாங்கிய நாளிலும் எனக்கு அவ்வளவு சந்தோஷம் இருக்கவில்லை.

ஏர்த் நன்றாயிருந்தும் முள்ளு ‘எம்ப்டி’யை விட்டு எழும்பாவிட்டால் பித்தளை மிதவையைக் கழற்றிக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே பெற்றோல் குலுங்கினால் எங்கோ ஊசித் துவாரம். சுடுநீரில் அமுக்கினால் குமிழி வரும் இடம் அதுதான். உள்ளேயுள்ள பெற்றோலை முழுக்க வடித்து, ஆவியும் போன பிறகே ஈயம் பற்றவைக்கலாம். அவசரப்பட்டால் மிதவை கையிலேயே வெடிக்கும்.

என் வேலை ஒரு திருகாணித் தலையைச் சுரண்டி நிரந்தர ஏர்த் வயர் போடுவதோடு முடிந்தது. ஆனாலும் முள்ளை உடனே நம்பவில்லை. டாங்கி கிட்டத்தட்ட 30 லீற்றர் கொள்ளும். ஐந்து ஐந்து லீற்றராக ஊற்றி, ஒவ்வொரு தரமும் முள்ளு நின்ற இடத்தை ஒரு மட்டையில் குறித்தேன். பாதி என்று அது காட்டும்போது டாங்கியில் இருப்பது 13 லீற்றர். அந்த மட்டை இப்போது டாஷ்போர்ட் தட்டில் இருக்கிறது.