28 விநாடியில் சொன்ன விடை. பென்சிலும் காகிதமும் போதும், நாமும் சோதிக்கலாம்

மைசூர்: 18,947,668,177,995,426,462,773,730. இந்த எண்ணில் 26 இலக்கங்கள் உள்ளன. 1980-ம் ஆண்டு ஜூன் 18-ந் தேதி லண்டன் இம்பீரியல் கல்லூரியில் சகுந்தலா தேவி இதை விடையாகச் சொன்னார். கம்ப்யூட்டர் துறையினர் கொடுத்த 7,686,369,774,870, 2,465,099,745,779 ஆகிய இரண்டு எண்களையும் மனதிலேயே பெருக்கினார். ஆன நேரம் 28 விநாடி. கின்னஸ் புத்தகத்திலும் இச்சாதனை இடம்பெற்றது.

1929-ல் பெங்களூரில் பிறந்த சகுந்தலா தேவி, சர்க்கஸ் கலைஞரின் மகள். முறையான பள்ளிப் படிப்பு இல்லாதவர். ஆறு வயதிலேயே நம் மைசூர் பல்கலைக்கழகத்தில் கணக்குத் திறமையைக் காட்டியவர். 2013-ல் காலமானார்.

அந்த வேகம் நமக்கு வராது. ஆனால் விடையைச் சோதித்துப் பார்ப்பது யாராலும் முடியும்.

முதல் எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 78. அதையும் கூட்டினால் 15, பிறகு 6. இரண்டாவது எண்ணின் கூட்டுத்தொகை 74. அது 11 ஆகி, 2 ஆகிறது. ஆறையும் இரண்டையும் பெருக்கினால் 12, அதாவது 3. இனி விடையைப் பாருங்கள். 26 இலக்கங்களின் கூட்டுத்தொகை 138. அது 12 ஆகி, 3-ல் நிற்கிறது. பொருந்திவிட்டது!

காரணம் எளிது. 10, 100, 1000 எதை 9-ஆல் வகுத்தாலும் மீதி 1 தான். ஆகவே எண் எவ்வளவு நீளமானாலும், அதை 9-ஆல் வகுத்தால் வரும் மீதியும் அதன் இலக்கக் கூட்டுத்தொகையை வகுத்தால் வரும் மீதியும் ஒன்றே.

இந்தச் சோதனைக்கு ஒரு குறை உண்டு. 5,436 என்பதை 5,463 என்று மாற்றி எழுதிவிட்டால் கூட்டுத்தொகை மாறாது. குமாஸ்தாக்களை அதிகம் வாட்டுவது இந்தப் பிழைதான். நாள் முடிவில் ரொக்கமும் புத்தகமும் ஒத்துப்போகாது. வீட்டுக்குப் போக முடியாது. துண்டு விழுந்த பணம் யார் தலையில் விடியும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த நேரத்திலும் ஒன்பதே கைகொடுக்கும். மேலே சொன்ன பிழையில் வித்தியாசம் 27. வித்தியாசம் 9-ஆல் மீதியின்றி வகுபட்டால், இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 27-ஐ 9-ஆல் வகுத்தால் 3. கடைசி இரண்டு இலக்கங்கள் 36, 63 என்பதுபோல் மூன்று வித்தியாசத்தில் உள்ள தொகைகளைத் தேடினால் பிழை சீக்கிரம் அகப்படும்.

இடம் மாறிய இலக்கத்தைக் காட்டிக்கொடுக்க 11 சோதனையும் உண்டு. வலப்பக்கத்திலிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டி, இரண்டு கூட்டுத்தொகைகளையும் ஒப்பிட வேண்டும். இரண்டும் சமமானால் அந்த எண் 11-ஆல் வகுபடும். சகுந்தலா தேவி பெருக்கிய இரண்டாவது எண்ணில் இவை 37, 37. எனவே விடையும் 11-ஆல் வகுபட வேண்டும். அதில் வருவது 69, 69!

இரண்டு சோதனையும் பொருந்திவிட்டாலே விடை சரி என்று சத்தியம் செய்ய முடியாது. குருட்டாம்போக்கில் எழுதிய தவறான விடைகூட சுமார் நூற்றில் ஒரு தடவை தப்பிவிடும். ஆனால் ஒன்று பொருந்தாவிட்டாலும் எங்கோ தவறு என்பது நிச்சயம். பேரேட்டை மூடுமுன் இரண்டு நிமிடம் செலவழித்தால், இரண்டு மணி நேரத் தேடல் மிச்சமாகலாம்.