செயலி மாற்றமும் தாய்ப்பலகைத் தேர்வும்

அறந்தாங்கியிலோ ஆலங்குடியிலோ உங்கள் வீட்டு மேசைமீது ஏழாம் தலைமுறை இன்டெல் செயலியுடன் ஒரு கணினி இருப்பதாகக் கொள்வோம். விண்டோஸ் 10க்குரிய வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்கும் இன்டெல் செயலிகளோ, சிலவற்றைத் தவிர, எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிற்பட்டனவும் ஆகும். 'செயலியை மட்டும் மாற்றினால் போதாதா?' என்ற எண்ணம் எழுவது இயல்பே.

போதாது. செயலி அமரும் குழிக்குச் சாக்கெட் என்று பெயர். ஏழாம் தலைமுறைக்கும் எட்டாம் தலைமுறைக்கும் சாக்கெட்டின் பெயர் ஒன்றே: எல்.ஜி.ஏ. 1151. முனைகளின் எண்ணிக்கையும் ஒன்றே. செயலி குழியில் அமரவும் செய்யும். ஆனால் கணினி இயங்காது. 2017இல் வந்த எட்டாம் தலைமுறையில், முன்பு வெறுமையாக விடப்பட்டிருந்த முனைகள் சில மின்சாரம் பாயும் வழிகளாக மாற்றப்பட்டன. ஆதலால் அதற்கு எச்310, பி360 போன்ற 300 வரிசைத் தாய்ப்பலகை, அதாவது மதர்போர்டு, தேவை. ஒரே சாவி இரு பூட்டுகளில் நுழையலாம், திறப்பது ஒன்றைத்தானே? திருச்சிக்குப் பேருந்தேறிச் சென்று, பெற்றோர் தந்த பணத்தில் செயலியை வாங்கி வந்தபின் இதனை அறிவதில் பயனில்லை.

தாய்ப்பலகையையே மாற்றுவதானால், எட்டாம் தலைமுறையோடு ஏன் நிற்கவேண்டும்? பழைய நினைவகம் டி.டி.ஆர்.4 ஆயின் அதனைக் காப்பாற்றிக்கொள்வதே சிக்கனம். ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஏ.எம்.4 பலகைகள் அதனை ஏற்கும். இன்டெலின் எல்.ஜி.ஏ. 1700 பலகைகளில் டி.டி.ஆர்.4 வகையும் உண்டு, டி.டி.ஆர்.5 வகையும் உண்டு. ஒன்றின் நினைவகம் மற்றதில் நுழையாது. பெட்டியின்மேல் உள்ளதைப் படித்துப் பார்த்தே வாங்குக. பலகை பழைய இருப்பாயின், அதிலுள்ள பயாஸ் நிரல் புதிய செயலியை அறியுமா என்பதைத் தயாரிப்பாளர் வெளியிடும் பட்டியலில் சரிபார்த்தல் வேண்டும்.

இன்டெல் செயலியின் பெயர் 'எஃப்' என முடிந்தால் அதனுள் படம் காட்டும் பகுதி இல்லை. தனி கிராபிக்ஸ் அட்டை வேண்டும். விலை குறைவு கண்டு ஏமாறுவோர் இங்கேதான் மிகுதி.

அலுவலகங்கள் கழித்துவிட்ட கணினியாக இருந்தால் இன்னொரு தொல்லை. அவற்றுள் பலவற்றின் மின்வழங்கியும் பெட்டியும் தனி அளவின. பொதுப் பலகை பொருந்தாது. பெட்டியைத் திறந்து, திருகுத் துளைகளையும் மின் இணைப்பையும் முதலில் பாருங்கள்.

பொருத்தும்போது செயலியின் மூலையிலுள்ள முக்கோணக் குறியைச் சாக்கெட்டின் குறியோடு சேர்த்து வைத்தால் அது தானே அமரும், அழுத்தலாகாது. பழைய விசிறி புதிய சாக்கெட்டின் துளைகளுக்கு ஒவ்வாதாயின் விசிறியையும் சேர்த்தே வாங்கவேண்டும். நம் மாவட்டத்துச் சித்திரை வெயிலில் அதில் மிச்சம் பிடிக்க நினைப்பது தகாது.