சொல்லடைவு நிரல்களில் நினைவகக் கசிவு: ஜாவா நூலகக் குறையைக் கண்டறியும் முறை

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்த் தரவகங்களிலிருந்து சொல்லடைவு உருவாக்கும் நிரல்கள் இடையில் நின்றுபோவதற்கு நினைவகக் கசிவு ஒரு காரணமாகும். அக்கசிவு நிரலாளரின் பிழையால் மட்டுமன்றி, நிரல் சார்ந்திருக்கும் நூலகத்தின் குறையாலும் நிகழலாம். இவ்விரண்டையும் பிரித்தறியும் முறையை ஜாவாவின் சப்ஸ்டிரிங் செயற்கூற்றின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நினைவகக் கசிவு, சொல்லடைவு, ஜாவா, சப்ஸ்டிரிங், தரவகம்.

முன்னுரை

குரங்கணி, போடிநாயக்கனூர் வட்டாரத்து ஏலத்தோட்டத் தொழிலாளரின் பேச்சைப் பதிவுசெய்து, எழுத்துவடிவாக்கி, பழைய ஜாவா நிரல் ஒன்றால் சொல்லடைவு உருவாக்கும் ஆய்வாளர் ஒருவரைக் கருதுவோம். ஆயிரம் கோப்புகளில் பாதியைக் கடக்குமுன் நினைவகம் போதாமல் நிரல் நின்றுவிடுகிறது. கோப்புகளைக் குறைத்துக்கொண்டால் நிரல் ஓடும்; ஆனால் ஓரிரு இடங்களில் மட்டும் வழங்கும் வட்டாரச் சொற்கள் விடுபடக்கூடும். எனவே இச்சிக்கல் ஆய்வுமுடிவின் நம்பகத்தன்மையையும் சார்ந்தது.

கசிவின் இயல்பு

ஜாவாவில் பயன்பாடு முடிந்த நினைவகத்தைக் குப்பை சேகரிப்பான் தானே மீட்கும். ஆயினும் இயங்கும் நிரலிலிருந்து எட்டக்கூடிய சுட்டு ஒன்று எஞ்சியிருப்பின் அப்பொருளை அது மீட்காது. தேவையற்ற சுட்டு இவ்வாறு எஞ்சுவதே இங்குக் கசிவு எனப்படுகிறது.

சப்ஸ்டிரிங் குறை

2012இல் வெளிவந்த ஜாவா 7இன் 6ஆம் புதுப்பிப்புக்கு முன்னர், சப்ஸ்டிரிங் வெட்டியெடுத்த சொல்லுக்குத் தனி இடம் ஒதுக்கவில்லை. மூலப் பனுவலின் எழுத்து அணியையே அச்சொல்லும் பகிர்ந்துகொண்டது. படியெடுக்கும் நேரத்தைச் சேமிப்பதே இதன் நோக்கம். ‘குரங்கணி’ என்னும் சொல் யூனிகோடில் 8 குறியீடுகள் கொண்டது. அதன் எழுத்துகளுக்கு 16 பைட்டு போதும். ஆனால் 1,00,000 குறியீடுகள் கொண்ட கோப்பிலிருந்து அச்சொல்லை வெட்டிப் பட்டியலில் வைத்தால், 2,00,000 பைட்டு அளவுள்ள முழு அணியும் நினைவகத்தில் தங்கிவிடும். ஆயிரம் கோப்புகள் ஆளுக்கொரு புதிய சொல் தந்தாலே 20 கோடி பைட்டு தேங்கும்.

கண்டறியும் படிநிலைகள்

முதலாவதாக, நூறு கோப்புகளுக்கு ஒருமுறை, குப்பை சேகரிப்புக்குப் பின் எஞ்சும் நினைவகத்தையும் தனிச்சொற்களின் எண்ணிக்கையையும் குறித்துவர வேண்டும். சொற்கள் பெருகுவதால் நினைவகம் வளர்வது இயல்பு. படித்த கோப்புகளின் அளவுக்கேற்ப வளர்வது கசிவின் அறிகுறி.

இரண்டாவதாக, ஜேமேப் கருவியால் ஹீப் டம்ப் எடுத்து, எக்லிப்ஸ் மெமரி அனலைசரில் திறந்து, பெரிய அணிகளை எந்தப் பொருள் பிடித்துவைத்துள்ளது என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவதாக, ஒவ்வொரு கோப்பிலிருந்தும் ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொள்ளும் சிறு நிரலை எழுதிக் கசிவு மீண்டும் தோன்றுகிறதா எனச் சோதிக்க வேண்டும்.

நான்காவதாக, அச்சிறு நிரலை மாற்றாமல் ஜாவாவின் 5ஆம், 6ஆம் புதுப்பிப்புகளில் தனித்தனியே இயக்க வேண்டும். பின்னதில் கசிவு மறைந்தால் காரணம் நூலகமே. இரண்டிலும் நீடித்தால் தம் நிரலையே மீண்டும் ஆராய்தல் தகும்.

தீர்வும் அதன் விலையும்

புதிய பதிப்புக்கு மாறுவதே நேரிய தீர்வு. அது இயலாதபோது, வெட்டிய சொல்லைப் புதிய சரமாகப் படியெடுத்துப் பட்டியலில் சேர்க்கலாம். திருத்தப்பட்ட சப்ஸ்டிரிங்கும் இதையே செய்கிறது. ஆதலால் நீண்ட துண்டுகளை அடிக்கடி வெட்டும் நிரல்கள் முன்னைவிட மெதுவாக ஓடலாம்.

முடிவுரை

கூடுதல் நினைவகம் வழங்குவது கசிவைத் தள்ளிப்போடுமேயன்றி நீக்காது. சொல்லடைவை வெளியிடுவோர், பயன்படுத்திய மென்பொருளின் பதிப்பு எண்ணையும் முழுமையாகப் படிக்கப்பட்ட கோப்புகளின் எண்ணிக்கையையும் உடன் குறிப்பிடுவது இன்றியமையாதது. அப்போதுதான் ஒரு சொல் பட்டியலில் இல்லாதது வழக்கில் இல்லாமையாலா, நிரல் நின்றுபோனதாலா என்பதைப் பிறர் சரிபார்க்க இயலும்.