சிறு தொழிலுக்குச் சர்க்கார் மான்யம்: அங்கத்தினர் அறிய வேண்டியவை

கிராமத்தில் புதிதாகத் தொழில் ஆரம்பிக்க விரும்புவோரிடையே, மூலதனத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சர்க்கார் இனாமாகக் கொடுத்துவிடுகிறது என்னும் பேச்சு வெகுவாகப் பரவியிருக்கிறது. இதில் உண்மையுண்டு, ஆனால் பாதி உண்மையே உண்டு. மற்றப் பாதியை அறியாமல் கடன் பத்திரத்தில் கையொப்பமிடுவோர், பின்னர் யந்திரத்தையும் இழந்து, கடனையும் சுமந்து வருந்த நேரிடும். ஆகையால் அதன் விவரத்தை எடுத்துரைப்பதே இவ்வியாசத்தின் நோக்கம்.

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் 2008-ம் வருஷத்தில் மத்திய சர்க்காரால் ஏற்படுத்தப்பட்டது. மாவட்டத் தொழில் மையமும், கதர் கிராமத் தொழில் ஸ்தாபனங்களும் இதை நடத்தி வந்துள்ளன. 2022-ம் வருஷத்தில் திருத்திய விதிகளின்படி, பொருள் உற்பத்தித் தொழிலுக்கு ரூ. 50 லட்சம் வரையிலும், சேவைத் தொழிலுக்கு ரூ. 20 லட்சம் வரையிலும் மதிப்பிடலாம். கிராமப் பகுதியில் பொதுப் பிரிவினருக்கு 100-க்கு 25 வீதம் மான்யம். சொந்தப் பணம் 100-க்கு 10 போடவேண்டும். பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், முன்னாள் படைவீரர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு மான்யம் 100-க்கு 35. சொந்தப் பணம் 100-க்கு 5. நிலத்தின் விலையை மதிப்பீட்டில் சேர்க்கலாகாது. முன்பே நடந்துவரும் தொழிலுக்கு இம்மான்யம் கோர இயலாது. ஒரு குடும்பத்தில் ஒருவருக்கே கிடைக்கும்.

இனி ஓர் உதாரணத்தால் விளக்குவோம். ஒரு சகோதரி தம் கிராமத்தில் ரூ. 10,00,000 மதிப்பில் மரச்செக்கு வைத்துக் கடலை எண்ணெய் ஆட்ட உத்தேசிக்கிறார் என்று கொள்வோம். அவர் கையிலிருந்து போடவேண்டியது ரூ. 50,000. பாங்கி கொடுப்பது ரூ. 9,50,000. மான்யம் ரூ. 3,50,000. இந்த மான்யம் அவர் கைக்கு வருவதில்லை என்பதே முக்கியமாக அறியத்தக்கது. அது பாங்கியில் அவர் பேரில் தவணை வைப்பாக 3 வருஷம் வைக்கப்படும். அவ்வைப்புக்கு வட்டி கிடையாது. அதற்குச் சமமான கடன் தொகைக்கும் வட்டி விதிப்பதில்லை. ஆகவே ஆரம்பத்தில் அவர் வட்டி கொடுப்பது ரூ. 6,00,000-க்கு மட்டுமே. மூன்று வருஷம் தொழில் ஒழுங்காக நடந்து, அதிகாரிகள் நேரில் பார்வையிட்டுத் திருப்தியடைந்தால், மான்யம் கடனில் கழிக்கப்படும்.

தொழிலைத் தொடங்காமலே பணத்தை வேறு வழியில் செலவிட்டாலும், யந்திரத்தை விற்றுவிட்டாலும், மான்யம் சர்க்காருக்கே திரும்பிவிடும். அப்போது அவர் தலைமீது நிற்பது முழுக் கடனாகும். ஆதலின் மான்யம் என்பது தொழிலைத் தொடங்கியதற்குத் தரும் பரிசன்று. தொழிலை நிலைநிறுத்தியதற்குத் தரும் பரிசேயாகும்.

அப்படியாயின் தொழில் மூன்று வருஷம் நிற்பதற்கு வழி யாது? பெரும்பாலும் தவறு நேர்வது நடப்பு மூலதனத்தில்தான். மேற்படி சகோதரி ரூ. 10,00,000-ஐயும் கொட்டகைக்கும் செக்குக்கும் செலவழித்துவிட்டால், ஆட்டுவதற்குக் கடலைப் பருப்பு எங்கிருந்து வரும்? நாளொன்றுக்கு 50 கிலோ பருப்பு ஆட்டுவதானால், 25 நாள் வேலைக்கு 1,250 கிலோ வேண்டும். கடைக்காரர் எண்ணெயைக் கடனாக வாங்கி ஒரு மாதம் கழித்துப் பணம் கொடுப்பாரானால், இரண்டு மாதத்துப் பருப்புக்கு, அதாவது 2,500 கிலோவுக்குப் பணம் தேவை. கிலோ ரூ. 120 என வைத்துக்கொண்டால் ரூ. 3,00,000 ஆயிற்று. இதை முதலிலேயே மதிப்பீட்டில் சேர்க்கவேண்டும். செக்கும் கொட்டகையும் ரூ. 7,00,000-க்குள் அடங்கவேண்டும். இவ்வாறு செய்யாதவர், அறுவடைக் காலத்தில் பருப்பு மலிவாயிருக்கும்போது வாங்கப் பணமின்றி, கந்துவட்டிக்காரரிடம் செல்கிறார். அந்த வட்டி எண்ணெயின் லாபத்தை விழுங்கிவிட, செக்கு நின்றுபோகிறது. செக்கு நின்றால் மான்யமும் நிற்காது.

அன்றியும், கடனை மட்டும் கணக்கிட்டால் போதாது. மாதத் தவணை செலுத்தியபின் கூலிக்கும் மின்சாரத்துக்கும் குடும்பத்துக்கும் என்ன மிஞ்சும் என்று எழுதிப் பார்க்கவேண்டும். மிஞ்சாதென்று கண்டால் மதிப்பைக் குறைப்பதே புத்திசாலித்தனம். பெரிய மதிப்பீட்டுக்குப் பெரிய மான்யம் வருமென்று ஆசைப்பட்டு, தேவைக்கு மேற்பட்ட யந்திரம் வாங்குவது, மான்யத்துக்காகக் கடனாளியாவதேயாகும். சிறு தேவைக்கு நமது சங்கத்தின் கடனே போதுமா என்பதையும் முன்னதாக யோசிக்கவேண்டும்.

மனுச் செய்வதற்குக் கட்டணமில்லை. மான்யம் வாங்கித் தருவதாகக் கூறி முன்பணம் கேட்கும் தரகரை நம்பலாகாது. விதிகள் அவ்வப்போது மாறுவதால், மனுப்போடுமுன் மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் விசாரித்தறிவது உசிதம்.

1904-ம் வருஷத்துச் சட்டத்தையொட்டித் திரூரில் சங்கம் தோன்றிய நாள்முதல் கூட்டுறவு நமக்குப் போதித்து வருவது ஒன்றே: கடன் வாங்குவோரின் திறத்தையும் நாணயத்தையும் அயலார் அறிந்திருக்கவேண்டும். ஆகையால் ஓர் அங்கத்தினர் இத்தகைய கடனுக்கு முற்படும்போது, தம் மதிப்பீட்டைப் பாங்கிக்குக் கொண்டுபோகுமுன் அதே தொழிலில் அனுபவமுள்ள இருவரிடம் காட்டி யோசனை கேட்பாராக. அவர்கள் கேட்கும் முதற்கேள்வி, "யந்திரம் என்ன விலை?" என்பதாயிருக்க வேண்டாம், "இரண்டாம் மாதத்துச் சரக்குக்குப் பணம் எங்கே?" என்பதாயிருக்கட்டும்.