உடலுக்குப் பின்னால் ஒரு கட்டத் திரை

அந்தமான் பழங்குடிகளை 1890-களில் பிரிட்டிஷ் அதிகாரி மாரிஸ் விடால் போர்ட்மன் எடுத்த படங்களில் ஒரு வகை கண்ணை உறுத்தும். ஆடையற்ற ஒருவர் விறைப்பாக நிற்பார். பின்னால் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட திரை. ஒரு கட்டம் 2 அங்குலம். கட்டங்களை எண்ணினால் போதும், ஆளைத் தொடாமலே உயரம், தோள் அகலம், கால் நீளம் எல்லாம் தெரிந்துவிடும் என்பது கணக்கு.

யோசனை அவருடையதல்ல. 1869-இல் லண்டனில் ஜே.எச். லாம்ப்ரே என்பவர் மரச்சட்டத்தில் பட்டு நூல் கட்டி இதே 2 அங்குலக் கட்டங்களை உருவாக்கினார். தேவை உண்மையானதுதான். எலும்பை காலிப்பரால் கவ்வி அளக்கலாம். கன்னத்தையும் வயிற்றையும் அப்படி அளக்க முடியாது. கருவி பட்டதும் சதை அமுங்கும். டேப்பை இறுக்கினால் ஓர் அளவு, தளர்த்தினால் வேறோர் அளவு.

ஆனால் கட்டத் திரை பொய் சொல்லும். கேமராவிலிருந்து 3 மீட்டரில் ஆள், அவருக்கு 30 செ.மீ. பின்னால் திரை என்று வைத்துக்கொள்வோம். 150 செ.மீ. உயரமுள்ளவர் திரையில் 165 செ.மீ. மறைப்பார். முன்னால் துருத்தும் வயிறு கூடுதலாகப் பெருக்கும், பின்தள்ளிய தோள் குறைவாக. ஒரே உடலில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒவ்வொரு பிழை. போர்ட்மன் படத்தோடு நிற்காமல் கையால் எடுத்த அளவுகளையும், கை கால்களைத் தாளில் வைத்து வரைந்த கோடுகளையும் தொகுப்புகளில் சேர்த்தார். அந்த எண்களையே நான் நம்புவேன்.

தொடாத அளவீடு என்பதால் அது சாதுவான காரியம் ஆகிவிடவில்லை. இதே போர்ட்மன் 1880-இல் வட சென்டினல் தீவிலிருந்து ஒரு முதிய தம்பதியையும் நான்கு குழந்தைகளையும் போர்ட் பிளேருக்குப் பிடித்து வந்தார். நோய் கண்டு பெரியவர்கள் இருவரும் இறந்தார்கள். குழந்தைகளைப் பரிசுப் பொருள்களோடு திருப்பி அனுப்பினார்கள். இன்று அந்தமானின் இன்னொரு பழங்குடியான ஜாரவா மக்களைப் படமெடுப்பதே குற்றம்.

கட்டத்தைப் பின்னால் வைக்காமல் உடல் மீதே விழச் செய்தால்? 1970-இல் ஜப்பானின் ஹிரோஷி தகாசாகி வரிவரியான கம்பித் தட்டி வழியே ஒளி பாய்ச்சி, நிழலும் தட்டியும் பின்னிக்கொள்ளும்போது உடலில் உயரக்கோடுகள் தோன்றுவதைக் காட்டினார். மலை வரைபடத்தில் இருப்பவை போன்ற கோடுகள்தான்.

இன்றைய ஸ்கேனர் ஒளிக்கோடுகளை ஒரு பக்கத்திலிருந்து வீசுகிறது, கேமரா இன்னொரு பக்கத்திலிருந்து பார்க்கிறது. சமதளத்தில் நேராக விழும் கோடு கன்னத்தில் ஏறி வளையும். ஒளிமூலத்துக்கும் கேமராவுக்கும் இடைப்பட்ட தூரம் தெரியும், இரண்டு கோணங்களும் தெரியும். மூன்றாவது புள்ளியைக் கணக்கே சொல்லிவிடும். 1802-இல் சென்னை பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து லாம்ப்டன் என்பவர் தொடங்கிய நில அளவையின் முக்கோணக் கணக்கு இதுவே; அங்கே மைல்கள், இங்கே மில்லிமீட்டர்கள்.

சிக்கல் தோலில் இருக்கிறது. ஒளி அதன் மேற்பரப்பிலேயே நின்றுவிடுவதில்லை; சற்று உள்ளே போய்ச் சிதறி வெளியே வரும், கோட்டின் ஓரம் மங்கும். நீல ஒளி சிவப்பைவிடக் குறைவாக ஊடுருவுவதால் பல கருவிகள் அதை நாடுகின்றன. கருமையான தோல் குறைவான ஒளியையே திருப்பி அனுப்பும், அதற்கேற்பக் கேமராவைத் திருத்த வேண்டும். முடியும் தொல்லை. எல்லாவற்றையும்விட, மனிதர் மூச்சு விடுகிறார். அதனால் ஸ்கேன் சில நொடிகளில் முடிய வேண்டும், மார்புச் சுற்றளவை மூச்சின் எந்தக் கட்டத்தில் எடுத்தது என்றும் குறிக்க வேண்டும்.

பல் பிடுங்கிய பின் வீங்கிய கன்னம், தீக்காயத் தழும்பு, செயற்கைக் கால் பொருத்த வேண்டிய தொடை எல்லாம் இன்று இப்படி அளக்கப்படுகின்றன. 2017-இல் வந்த ஐபோன் எக்ஸ் 30,000-க்கும் மேற்பட்ட அகச்சிவப்புப் புள்ளிகளை வீசி உரிமையாளரின் முகத்தை அடையாளம் காண்கிறது. இந்தியர்களுக்கென்று ஆடை அளவு வகுக்க தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனம் 25,000 பேரை ஸ்கேன் செய்யும் திட்டத்தை அறிவித்தது. டெல்லி, மும்பை, கொல்கத்தா, ஐதராபாத், பெங்களூரு, ஷில்லாங் ஆகிய ஆறு நகரங்கள் அதில் உண்டு. போர்ட் பிளேர் இல்லை.