முழங்கால் அறுவைக்கு முன்னே

புனே நகரை அடுத்த பிம்ப்ரி மருத்துவ உலகில் பெயர் பெற்றது பெனிசிலினால். 1954-ஆம் ஆண்டில் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் என்னும் அரசாங்க நிறுவனம் இங்கே அமைந்தது. உலக சுகாதார ஸ்தாபனமும் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியும் துணை நின்றன. மறு ஆண்டிலேயே மருந்து உற்பத்தி தொடங்கிற்று. இவ்வட்டாரத்துத் தொழிற்சாலைகளையும், அருகே கட்கி, தேஹு ரோடு ஆகிய ஊர்களின் படைத்துறை நிலையங்களையும் நாடித் தமிழ் மக்கள் பலர் வந்து குடியேறினர். அன்று இயந்திரத்தின் முன் நாளெல்லாம் நின்ற கால்கள் இன்று மாடிப்படி ஏறத் தயங்குகின்றன. ஊரிலிருந்து மகன் வீட்டுக்கு வந்து தங்கிய தாய்மாரும் முழங்கால் வலியால் வருந்துகின்றனர். ஆகவே, மூட்டு மாற்று அறுவையைப் பற்றி நாம் தெளிவாக அறிந்திருத்தல் நலம்.

மூட்டு மாற்றுதல் என்றவுடன் காலையே அறுத்து வேறொன்று பொருத்துவதாகச் சிலர் அஞ்சுகின்றனர். உண்மை அதுவன்று. எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் வழவழப்பான குருத்தெலும்பு தேய்ந்துபோனால், எலும்போடு எலும்பு உராய்ந்து வலி உண்டாகிறது. மருத்துவர் அம்முனைகளைச் சில மில்லிமீட்டர் அளவுக்குச் செதுக்கி, உலோகக் கவசம் பொருத்தி, இடையே பாலிஎதிலீன் என்னும் வலிய பிளாஸ்டிக்கை வைக்கிறார். இம்முறைக்கு வழிகாட்டியவர் இங்கிலாந்து நாட்டின் ஜான் சார்ன்லி. இடுப்பு மூட்டுக்கு அவர் முதலில் பயன்படுத்திய டெஃப்லான் விரைவில் தேய்ந்துபோயிற்று. 1962-ஆம் ஆண்டில் பாலிஎதிலீனைக் கையாண்டு வெற்றி கண்டார். பொருத்திய மூட்டில் கிருமி புகுந்தால் பெருந்துன்பம் என்பதை உணர்ந்து, அறுவை அறையின் காற்றையே தூய்மை செய்ய முற்பட்டவரும் அவரே.

அறுவை யாருக்குத் தேவை? எக்ஸ்ரே படம் மட்டும் இதை முடிவு செய்வதில்லை. வலியினால் இரவுத் தூக்கம் கெடுகிறதா, சிறிது தூரம் நடப்பதும் அரிதாகிறதா என்பவையே முக்கியம். அதற்கு முன் எளிய வழிகளை முயலவேண்டும். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது என ஆராய்ச்சி காட்டுகிறது. தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சி பெரிதும் உதவும். கைத்தடியை வலியுள்ள காலுக்கு எதிர்ப்புறக் கையில் பிடிக்கவேண்டும். பலர் இதை மாற்றியே பிடிக்கின்றனர்.

எலும்பு மருத்துவரைக் காணச் செல்லும்போது, பழைய படங்களையும், உண்ணும் மருந்துகள் அனைத்தின் பட்டியலையும் எடுத்துச் செல்லுங்கள். ஆஸ்பிரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, ஸ்டீராய்டு, சித்த மருந்து, நாட்டு லேகியம் ஆகிய எதையும் மறைக்கலாகாது. பெனிசிலின் ஒவ்வாதவர்கள் அதை முதலிலேயே சொல்லவேண்டும். மூட்டுக்குள் அண்மையில் ஊசி போட்டிருந்தால் அதன் தேதியையும் கூறுக. அத்தகைய ஊசிக்குப் பின் சில மாதங்கள் காத்திருப்பதே வழக்கம்.

மொழி ஒரு தடையாகலாம். மராத்தியில் முழங்காலை 'குட்கா' என்பர். 'மாஜா குட்கா துக்தோ' என்றால் என் முழங்கால் வலிக்கிறது என்று பொருள். ஆயினும் குடைச்சலுக்கும் குத்தலுக்கும் எரிச்சலுக்கும் உள்ள வேற்றுமையைச் சொல்ல இரண்டு சொற்கள் போதா. மராத்தியோ இந்தியோ நன்கறிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்க. அவர் நோயாளியின் சொல்லை அப்படியே எடுத்துரைக்கவேண்டும். 'அம்மாவுக்கு ஒன்றுமில்லை, வயசுதான்' என்று தாமாக முடித்துவிடலாகாது. அறுவைக்கு இசையும் கையெழுத்தும் நோயாளி முழுதும் கேட்டறிந்த பின்னரே இடத்தக்கது.

மருத்துவரிடம் கேட்கவேண்டியவற்றைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இன்னும் சில காலம் தள்ளிப்போடலாமா? பொருத்தப்போகும் மூட்டு எவ்வகை? மொத்தச் செலவு எவ்வளவு? செயற்கை முழங்கால் மூட்டுகளுக்கு உச்ச விலை உண்டு என 2017-ஆம் ஆண்டில் மத்திய அரசு விதித்தது. ஆகவே மூட்டின் விலையைப் பில்லில் தனியே காட்டும்படி கேட்கத் தயங்கவேண்டியதில்லை. தொழிலாளர் அரசு காப்புறுதி பெற்றவர்கள் முதலில் அவ்வழியை விசாரிக்கவேண்டும். பிம்ப்ரியில் மாநகராட்சியின் யஷ்வந்த்ராவ் சவாண் நினைவு மருத்துவமனையும் உண்டு.

பலனையும் உள்ளவாறே அறிதல் வேண்டும். செயற்கை முழங்கால்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவை இருபத்தைந்து ஆண்டு உழைக்கின்றன என்று 2019-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஆனால் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு அறுவைக்குப் பின்னும் ஓரளவு வலி எஞ்சுகிறது. நூற்றில் ஒருவர் இருவருக்குக் கிருமி தாக்குகிறது; அப்போது மீண்டும் அறுவை நேரலாம்.

கிருமியைத் தடுக்கும் பொறுப்பில் பாதி நம்முடையது. நீரிழிவைக் கட்டுக்குள் கொண்டுவருக. சொத்தைப் பல்லுக்கும், கால் வெடிப்புக்கும், சிறுநீர்த் தொற்றுக்கும் முன்பே சிகிச்சை பெறுக. இரத்தசோகை இருந்தால் சரிசெய்க. புகைபிடிப்போர் குறைந்தது நான்கு வாரம் முன்னரே நிறுத்தவேண்டும். முதல்நாள் சோப்பிட்டுக் குளியுங்கள். ஆனால் வீட்டில் காலைச் சவரம் செய்யாதீர்கள், கத்தியின் சிறு கீறலே கிருமிக்கு வாயிலாகும். தோலைக் கீறுவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவர் ஆன்டிபயாடிக் ஊசி போடுவார்.

அறுவையை இங்கே செய்துகொள்வதா, ஊருக்குச் செல்வதா என்பது நம்மவர் வீடுகளில் எழும் கேள்வி. ஊரில் உறவினர் துணை உண்டு. மொழித் தொல்லை இல்லை. எனினும் தையல் பிரிக்கவும், பயிற்சி பெறவும், மீண்டும் படம் எடுக்கவும் அதே மருத்துவரைப் பலமுறை காண நேரும். அடுத்த ஆறு வாரம் நோயாளி எங்கே தங்குவார், உடன் யார் இருப்பார் என்பதற்கு விடை கிடைக்குமிடமே தக்க இடம். அறுவைக்குப் பின் விரைவில் இரயிலில் ஓர் இரவும் பகலும் அமர்ந்து பயணம் செய்தால் கால் நரம்பில் இரத்தம் உறையக்கூடும். மருத்துவர் அனுமதி பெற்ற பின்னரே புறப்படவேண்டும்.

வீட்டையும் முன்பே ஆயத்தம் செய்க. பாயில் படுப்பவருக்குக் கட்டில் வேண்டும். குந்தி அமரும் கழிப்பறையில் உயர்ந்த இருக்கையும் சுவரில் பிடியும் அமைக்கவேண்டும். வழுக்கும் விரிப்புகளை அகற்றுக. தரையில் அமர்ந்து பூசை செய்வதும், குனிந்து கோலமிடுவதும் சில காலத்துக்குப் பிறர் கைக்கு மாறட்டும்.

பெரும்பாலும் மறுநாளே நோயாளியை எழுந்து நிற்கச் செய்வர். வலிக்கிறதே என்று முழங்காலின் கீழ்த் தலையணை வைத்தால் கால் நீட்ட இயலாமற் போகும். பாதத்தை மேலும் கீழும் அசைத்துக்கொண்டே இருத்தல் நன்று. கெண்டைக்கால் வீங்கினாலும், காயத்தில் நீர் கசிந்தாலும், காய்ச்சல் கண்டாலும் தாமதமின்றி மருத்துவரிடம் தெரிவிக்கவேண்டும். மூச்சுத் திணறினால் அந்நொடியே மருத்துவமனைக்கு விரையவேண்டும்.

மூட்டைப் பொருத்துவது மருத்துவர் தொழில். அதை மடக்கி நீட்டி நடைக்குப் பழக்குவது நம் உழைப்பு. அவ்வுழைப்புக்கு உடன்பட்ட பின்னரே அறுவைக்கு நாள் குறிப்போமாக.