கொட்டை எழுத்தில் வென்றவர்

பழைய பத்திரிகைகளைப் புரட்டுவதில் ஒரு தனிச்சுவை உண்டு. அன்று கொட்டை எழுத்திற் பவனி வந்த செய்திகள் எத்தனையோ மறுவாரமே கச்சான் சுருள்களுக்குள் அடங்கிவிடுகின்றன. ஆயின், பிறந்த அன்றே பொய்த்துப்போய், அதனாலேயே அழியாப் புகழெய்திய தலைப்பும் ஒன்றுண்டு. 1948ஆம் ஆண்டு நவம்பர் 3ஆந் திகதி, அமெரிக்க சனாதிபதித் தேர்தலுக்கு மறுநாள், "சிக்காகோ டிரிபியூன்" தன் முதற்பக்கத்திற் பொறித்த "டூயி ட்ரூமனைத் தோற்கடித்தார்" என்பதே அது. மூன்றே சொற்கள். இலக்கணப் பிழை எதுவுமில்லை. எழுவாயும் செயப்படுபொருளும் ஒன்றன் இடத்தில் மற்றொன்று ஏறி அமர்ந்துகொண்டதே குறை!

தன் முகப்பிலே "உலகின் தலைசிறந்த செய்தித்தாள்" என்ற விருதைத் தானே சூட்டிக்கொண்டிருந்த பத்திரிகை அது. அதன் அதிபர் கேணல் மக்கோமிக் குடியரசுக் கட்சியினர். சனநாயகக் கட்சியினரான ட்ரூமனை மதியிலி என்று ஏசவும் அப்பத்திரிகை கூசியதில்லை. எனவே ஆசை முன்னரே இருந்தது. அவசரம் பின்னர் வந்து சேர்ந்தது. சிக்காகோ நகரின் அச்சுக்கோப்போர் முந்திய ஆண்டு நவம்பர் முதல் வேலைநிறுத்தஞ் செய்துகொண்டிருந்தனர். ஈயவெழுத்துக் கோக்க ஆளில்லை. செய்திகளைத் தட்டெழுத்திற் பொறித்து, படம்பிடித்து, தகடாக்கி அச்சிட வேண்டியிருந்தது. இதனால் வழமைக்குப் பல மணி நேரம் முன்னதாகவே பத்திரிகையை முடித்தாக வேண்டும். அவ்வேலைநிறுத்தத்துக்குப் பின்னணியாய் இருந்த 1947ஆம் ஆண்டுத் தொழிற்சட்டத்தை இரத்ததிகாரங் கொண்டு தடுக்க முயன்று, காங்கிரஸ் சபையிடம் தோற்றவர் வேறு யாருமல்லர், ட்ரூமனே!

வாக்கெண்ணிக்கை முடியுமுன் தலைப்பு வேண்டும். வாஷிங்டனிலிருந்த செய்தியாளர் ஆர்தர் சியேர்ஸ் ஹென்னிங்கை நாடினர். கடந்த 5 சனாதிபதித் தேர்தல்களுள் 4இல் அவர் கணிப்புப் பலித்திருந்தது. வெற்றி டூயிக்கே என்றார் அவர். தலைப்பும் ஏறிற்று. ஏறக்குறைய 1,50,000 பிரதிகள் வெளியேறிவிட்டன. அச்செய்தியில் ஐந்து வரிகள் தலைகீழாகவும் அச்சாகியிருந்தன. வரப்போவதை அறிந்து அவை மட்டும் சிரசாசனஞ் செய்தன போலும்.

சிக்காகோவை மட்டும் நகைத்தல் நீதியாகாது. "நியூஸ்வீக்" சஞ்சிகை 50 அரசியல் எழுத்தாளரைக் கேட்டபோது ஐம்பதின்மரும் டூயியின் பெயரையே மொழிந்திருந்தனர். எல்மோ ரோப்பர் என்னுங் கருத்துக் கணிப்பாளர், இனி எண்ணிப் பார்க்கவே தேவையில்லை என்று செப்டெம்பரிலேயே கடையைக் கட்டிவிட்டார். வணிகப் பத்திரிகையொன்று நவம்பர் 3ஆந் திகதி இதழில், சனாதிபதி டூயியிடம் எவற்றை எதிர்பார்க்கலாம் என்று எட்டுக் கட்டுரைகள் வெளியிட்டது. வினாத்தாளைக் காணுமுன்னரே விடையை மனனஞ் செய்துவரும் மாணவரை நாம் வகுப்பிலே கண்டிக்கின்றோம். அவர்களுக்கு முன்னோர் இத்துணைப் பெரியோர் என்பதை அவர்கள் அறியாதிருத்தல் நன்று.

ட்ரூமனோ அவ்வாண்டு புகைவண்டியில் ஏறக்குறைய 31,000 மைல் அலைந்து, நின்ற நிலையமெங்கும் பேசியவர். கூட்டத்தைக் கண்ட செய்தியாளர் அதனை வாக்காகக் கொள்ளவில்லை. வந்து நின்ற குடியானவனிடமும் தொழிலாளியிடமும் ஆளுக்கொரு வாக்கு இருந்தது என்பதே அவர்கள் மறந்த சிறு கணக்கு. தேர்தலன்றிரவு அவர் எக்செல்சியர் ஸ்பிரிங்ஸ் என்னுஞ் சிற்றூரில் ஒரு சான்ட்விச்சும் பாலும் அருந்திவிட்டு நேரத்தோடு உறங்கிவிட்டார். நள்ளிரவில் விழித்து வானொலியைத் திருப்பினால், விமர்சகர் கால்டன்போர்ன், ட்ரூமன் 12 இலட்சம் வாக்குகளால் முன்னிற்கிறார், ஆயினும் தோற்பது நிச்சயம் என்கிறார்! அவர் குரலை ட்ரூமன் பின்னர் விருந்தொன்றில் நடித்துக் காட்டிச் சபையைச் சிரிக்கவைத்தார்.

முடிவில் ட்ரூமனுக்கு 303 தேர்வாளர் வாக்குகள், டூயிக்கு 189. சிக்காகோ அமைந்துள்ள இலினோய் மாநிலமே சுமார் 33,000 வாக்குகளால் ட்ரூமனின் பக்கஞ் சாய்ந்தது. தன் வாசற்படியில் நடந்ததையே தலைசிறந்த செய்தித்தாள் காணவில்லை. நவம்பர் 4ஆந் திகதி செயின்ட் லூயிஸ் நிலையத்தில், புகைவண்டியின் பின்மேடையிலே நின்று, அப்பத்திரிகையை இரு கைகளாலும் உயர்த்திப் பிடித்து, வாய்கொள்ளாச் சிரிப்போடு அவர் காட்சியளித்த புகைப்படத்தை வாசகர் பலர் கண்டிருப்பர்.

தன் சொல் பொய்த்தவன் காகத்தைத் தின்கிறான் என்பது அமெரிக்க வழக்கு. நாம் காகத்துக்குச் சோறிடுகின்றோம். அவர்கள் காகத்தையே சோறாக்குகின்றனர்! அதற்கேற்ப "வாஷிங்டன் போஸ்ட்", கணிப்பாளருக்கும் எழுத்தாளருக்கும் காகம் பரிமாறும் விருந்துக்கு ட்ரூமனை அழைத்தது. எவரும் காகந் தின்பதைக் காணத் தாம் விரும்பவில்லை என்று அவர் நயமாக மறுத்துவிட்டார்.

காலப்போக்கிற் "டிரிபியூனுக்கும்" சிரிக்கத் தெரிந்தது. தேர்தலின் 25ஆம் ஆண்டு நிறைவில் அம்முதற்பக்கத்தைப் பலகையிற் பதித்து ட்ரூமனுக்கே பரிசளிக்க அது எண்ணியது. அவர் 1972 டிசம்பர் 26இற் காலமானார். அன்று அளவுக்கு மிஞ்சி முந்திக்கொண்ட பத்திரிகை இம்முறை பிந்திவிட்டது.